ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29: கோள்கள் பாடத்தில் எதற்கு மதிப்பெண் போடுவது?

12 ஆகஸ்ட் 2025 – கேள்வி

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். மாதத் தேர்வில் கோள்களின் இயக்கம் பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்தும் வாங்கியிருக்கிறாள். கெப்ளரின் மூன்று விதியும் வரி பிசகாமல் எழுதி, படம் போட்டு, பாகமும் குறித்திருக்கிறாள். சித்திரையில் ஏன் இப்படிக் காய்கிறது என்று சும்மா கேட்டேன். 'பூமி சூரியனுக்குப் பக்கத்துல போயிடும்ப்பா, நீள்வட்டம்ல' என்றாள். அவள் போட்ட படத்தைப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் அந்த ஐந்து மதிப்பெண் எதற்குக் கொடுத்தார்கள்?"

12 ஆகஸ்ட், இரவு

மனப்பாடத்துக்கு. நானும் அதற்குத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடமாக அறிவியல் வாத்தியார். நான் பலகையில் போடும் நீள்வட்டம், அறுத்த வயலில் மேயும் வாத்து போட்ட முட்டை மாதிரிதான் இருக்கும். அந்தப் படத்தை நம்பினால் உங்கள் பெண் சொன்ன விடைதான் வரும். வகுப்பில் பாதிப் பேர் படத்தை நம்பவே மாட்டார்கள், வரைவார்கள், அவ்வளவுதான். அவள் நம்பியிருக்கிறாள். அதற்கே ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

இந்த வருடம் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருந்தது ஜனவரி 4. மார்கழி 20. போர்வையை இழுத்துக்கொண்டு கிடந்தோமே, அன்றைக்கு. தூரம் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருந்தது ஜூலை 3, அதாவது ஆனி 19. தூரம் 15 கோடியே 21 லட்சம். இதை அவளிடம் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள்.

13 ஆகஸ்ட்

வாத்து முட்டை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், எவ்வளவு தப்பு என்று கணக்குப் போடவில்லை. இன்று போட்டேன்.

பூமியின் பாதையை நீளவாட்டில் அரை அச்சு 10 சென்டிமீட்டர் வருகிற மாதிரி தாளில் வரைந்தால், குறுக்குவாட்டில் அது 0.014 மில்லிமீட்டர்தான் குறையும். பென்சில் முனையே அதைவிடப் பருமன். சூரியன் மட்டும் நடுவிலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அதாவது காம்பஸ் வைத்து ஒரு வட்டம், நடுவிலிருந்து ஒரு நூல் தள்ளி ஒரு புள்ளி. தீர்ந்தது படம்.

புத்தகத்துப் படம் ஏன் முட்டையாக இருக்கிறது என்றால், சாய்வாகப் பார்த்து வரைகிறார்கள். சாய்த்துப் பார்த்தால் தாம்பாளமும் முட்டைதான். இதைப் பிள்ளைகளிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

"அப்படியானால் கெப்ளருக்கு நீள்வட்டம் எப்படித் தெரிந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பூமியை வைத்தே முட்டிக்கொண்டிருந்தால் சிரமம். அவருக்குக் கிடைத்தது செவ்வாய். அதே 10 சென்டிமீட்டரில் செவ்வாய்க்குக் குறைவது 0.4 மில்லிமீட்டர், சூரியன் தள்ளி நிற்பது 9 மில்லிமீட்டருக்கு மேல். டைகோ பிராகே வெறுங்கண்ணால் அளந்து வைத்திருந்த நிலைகளோடு வட்டக் கணக்கு 8 கலை அளவுக்கு ஒத்துப்போகவில்லை. 8 கலை என்றால் முழுநிலாவின் அகலத்தில் கால் பங்கு. அதை விட்டுத்தொலைக்க மனம் வராமல்தான் 1609இல் முதல் இரண்டு விதியும் வந்தன: பாதை நீள்வட்டம் என்பது ஒன்று, சூரியனுக்கு அருகில் வந்தால் கோள் விரைவாகவும் தள்ளிப்போனால் மெதுவாகவும் போகும் என்பது இரண்டு.

இரண்டு குண்டூசி, நூல், பழைய காலண்டர் அட்டை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பூமிக்குக் குண்டூசிகளுக்கு இடையே மூன்றரை மில்லிமீட்டர்கூட வராது. நாளை வகுப்பில் செய்யச் சொல்லப்போகிறேன்.

17 ஆகஸ்ட், ஆவணி 1

அட்டை தேடியதில் வேறு ஒன்று கிடைத்தது.

பரணில் கிடந்த காலண்டரைப் பிரித்து அட்டையை எடுக்கும்போது தாள்கள் சிதறின. ஆனி 32 என்று ஒரு தாள். பிறகு மார்கழியைத் தேடினேன். மார்கழி பாதி ஒரு காலண்டரிலும் பாதி அடுத்த காலண்டரிலும் விழும். அதனால்தான் அதற்கு எத்தனை நாள் என்று யாரும் எண்ணுவதில்லை போலிருக்கிறது. 2024 டிசம்பர் 16 மார்கழி 1. 2025 ஜனவரி 14 தை 1. 29 நாள்.

இங்கிலீஷ் மாதத்துக்கு 30, 31 என்பது யாரோ வகுத்த வழக்கம். தமிழ் மாதம் அப்படியில்லை. சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம், அதாவது வானத்தில் 30 பாகை நகரும் காலம், அதுதான் ஒரு மாதம். எல்லா ராசியும் 30 பாகைதான். அப்படியிருக்க ஆனிக்கு 32, மார்கழிக்கு 29 என்றால்? ஆனியில் பூமி தொலைவில் இருக்கிறது, மெதுவாகப் போகிறது. மார்கழியில் அருகில் இருக்கிறது, விரைவாகப் போகிறது. இரண்டாம் விதி நம் வீட்டுச் சுவரில், உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த தாளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

காலாண்டுக்குக் கேள்வி தயார்: *ஆனி மாதத்துக்கு 32 நாள், மார்கழி மாதத்துக்கு 29 நாள். காரணம் கூறுக.* புத்தகத்தில் இந்த வரி இல்லை. மனப்பாடம் செய்ய எதுவும் கிடையாது.

19 ஆகஸ்ட்

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். பஞ்சாங்கம் சித்தாந்தம் என்கிற பழைய வானியல் நூல்களின் எண்களை வைத்துப் போட்ட கணக்கு, வானத்தைப் பார்த்து எழுதிய அளவு அல்ல, அதை எப்படி ஆதாரமாக வைப்பாய் என்கிறார்.

ஒத்துக்கொள்கிறேன். ஆதாரம் வேண்டும் என்பவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது. மார்ச் 20 சம பகலிரவு நாளிலிருந்து செப்டம்பர் 22 வரை 186 நாள். அங்கிருந்து அடுத்த மார்ச் 20 வரை 179 நாள். இரண்டும் அரைச் சுற்றுதான். ஏழு நாள் எங்கே போயிற்று என்று கேட்டாலும் அதே விதிதான் விடை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சம பகலிரவு நாள் என்பது இன்னொரு மனப்பாடம். ஆனி என்றால் அதற்குத் தெரியும். கேள்வியை மாற்றவில்லை.

25 ஆகஸ்ட்

சித்திரை வெயில் விஷயம் அந்தரத்தில் நிற்கிறது, அதை முடித்துவிடுகிறேன். எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டு முறை. ஏப்ரல் 18 வாக்கில் ஒன்று, இன்றைக்கு ஒன்று. ஒரு மீட்டர் குச்சியை நட்டு, பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை நிறுத்தினேன். நிழல் மேற்கே ஆறு சென்டிமீட்டர்.

"நிழலில்லா நாள்னீங்க சார்?"

எனக்கே வியர்த்துவிட்டது. நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நமக்கு உச்சி வர இன்னும் 14 நிமிடம் ஆகும் என்பது மறந்துபோயிற்று. 12.14க்கு நிழல் குச்சிக்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்தப் பதினாலு நிமிடம் என் மானம் போய்த் திரும்பி வந்தது.

டிசம்பர் 21 வாக்கில் இதே குச்சிக்கு நடுப்பகலிலேயே 68 சென்டிமீட்டர் நிழல் விழும். குளிருக்கு அந்தச் சாய்வுதான் காரணம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வருவது. தூரத்துக்கு இதில் பெரிய பங்கில்லை. ஆகஸ்டிலும் உச்சியில்தானே இருக்கிறது, ஏன் சித்திரை மாதிரி காயவில்லை என்று ஒரு பையன் கேட்டான். மேகத்தைக் காட்டினேன்.

2 அக்டோபர்

விடைத்தாள் திருத்தி முடித்தேன். குறுவை அறுவடை, பாதி வகுப்பு களத்தில் நெல் காவலுக்குப் போய்விட்டுத்தான் தேர்வுக்கு வந்தது. வந்த விடைகளில் சில:

"மார்கழி பீடை மாதம், அதனால் குறைத்துவிட்டார்கள்."

"பிப்ரவரிக்கு 28 இருப்பது போல."

"ஆனியில் பகல் நீளம். அதனால் நாள் அதிகம்." இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். தப்புதான், ஆனாலும் யோசித்திருக்கிறான்.

பக்கத்துக் கேள்வியில் இரண்டாம் விதியை 'சம கால அளவில் சம பரப்பு' என்று பிசகாமல் எழுதிய கையே இதில் "ஆனியில் விவசாய வேலை அதிகம்" என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே தாள், ஒரே மை.

என்னைத் திணற வைத்தது இது: "ஆனியில் சூரியன் மெதுவாகப் போவதால் ராசியைக் கடக்க நாள் ஆகிறது." எத்தனை போடுவது? மாதம் என்றால் என்ன என்று புரிந்திருக்கிறது. வேகம் மாறுகிறது என்பதும் தெரிந்திருக்கிறது. போவது யார் என்பதில்தான் சிக்கல். மூன்று போட்டு, அடித்து, நான்கு போட்டு, மறுபடி மூன்று.

கும்பகோணத்தார் இதற்கும் காத்திருந்த மாதிரி எழுதிவிட்டார்: "உங்கள் கேள்விக்கு, சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்று நம்புகிறவனும் முழு மதிப்பெண் வாங்கலாம். பஞ்சாங்கம் போட்டவர்கள் அப்படி நம்பித்தான் போட்டார்கள்." ஆமாம். பதிலே இல்லை. அந்தப் பையனுக்கு ஐந்து போட்டுவிட்டேன். என் கேள்வி கேட்டதற்கு அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

3 அக்டோபர்

இன்னொரு குண்டு. விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்திருக்கும் அக்கா மகன், பொறியியல் படிக்கிறவன், நான் பெருமையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு மொபைலில் தட்டினான். "மாமா, பூமியோட வேகம் ஜனவரியில நொடிக்கு 30.3 கிலோமீட்டர், ஜூலையில 29.3. வித்தியாசம் மூணரை சதம்கூட இல்ல. உங்க மாசக் கணக்குல அதுக்கு மேல டபுளா வருதே. மிச்சம் எங்க?"

ஆயுத பூஜைப் பொரி வாயில் அப்படியே நின்றது.

5 அக்டோபர்

மிச்சம் கிடைத்துவிட்டது. நான் பாதி விடையைத்தான் முழு விடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனியில் பூமி மெதுவாகவும் போகிறது, தூரத்திலும் இருக்கிறது. தூரத்துச் சாலையில் போகும் பஸ் அதே வேகத்தில் போனாலும் கண்ணுக்கு ஊர்வது போலத்தானே தெரியும். மாதம் என்பது கோணக் கணக்கு. ஆகவே வேகத்துக்கு மூன்றரை சதம், தூரத்துக்கு மூன்றரை சதம், சேர்த்து ஏழு. சம பரப்பு விதி சொல்வதும் இதைத்தான்: கோண வேகத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் மாறாது. இந்த வர்க்கம் எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

நாள்களை முழுசாக எண்ணினால் 32க்கும் 29க்கும் பத்து சதம் வந்து பயமுறுத்தும். பஞ்சாங்கத்தில் மணிக்கணக்கு வரை பார்த்தால் ஆனி ஏறத்தாழ 31 நாள் 15 மணி, மார்கழி 29 நாள் 8 மணி. எட்டு சதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஏழுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருப்பது, சித்தாந்தக்காரர்கள் சூரியனுக்கு வைத்த திருத்தம் இன்றைய அளவைவிடச் சற்றே பெரிது என்பதால்.

ஆகஸ்ட் 17இல் எழுதியதை அழிக்கவில்லை. அரைகுறை என்று தெரிந்தே இருக்கட்டும்.

2 நவம்பர்

மூன்றாம் விதிக்கு வருகிறேன். சுற்றுக்காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதம். இதைப் பதம்பிரித்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வியாழன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் விழி பிதுங்கும்.

எங்கள் மாவட்டத்தில் ஆலங்குடி இருக்கிறது, அந்தப் பக்கம் திருநள்ளாறு. குருப்பெயர்ச்சி வருடத்துக்கு ஒன்று, சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒன்று. எந்தக் கூட்டத்தில் எந்த பஸ் கிடைக்காது என்பதுவரை பிள்ளைகளுக்குத் தெரியும். பன்னிரண்டு ராசி. குரு சுற்றிவர 12 வருடம், சனிக்கு 30. பன்னிரண்டின் வர்க்கம் 144, அதன் கனமூலம் 5.2 சொச்சம். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல வியாழன் 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. சரியாக அதுவே. சனிக்கு 900இன் கனமூலம், 9.65. உண்மையில் ஒன்பதரை சொச்சம். பெயர்ச்சி நோட்டீஸை வைத்துச் சூரியக் குடும்பத்தை அளந்தாயிற்று.

வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20இல் நடந்த பெயர்ச்சி திருக்கணிதத்தில் அதே வருடம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, தெரியும். எனக்கு வேண்டியது இடைவெளி. அது இரண்டிலும் இரண்டரைதான். ஆள் விடுங்கள்.

9 நவம்பர்

துள்ளிக் குதித்தேன், வழுக்கிவிட்டது.

கணக்கை வகுப்பில் போட்டேன். எல்லாரும் போட்டார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, அப்பா ஜாதகம் பார்ப்பவர்: "சார், சுக்கிரனும் மாசத்துக்கு ஒரு ராசி மாதிரிதான் போகும். அப்ப அதுவும் ஒரு வருஷமா? புதனும் ஒரு வருஷமா? புத்தகத்துல 225 நாள், 88 நாள்னு போட்டிருக்கே?"

மணி அடித்தது. நல்லவேளை.

வீட்டுக்கு வந்து காபி ஆறும்வரை யோசித்தேன். பெயர்ச்சி என்பது பூமியில் நின்று பார்க்கிற கணக்கு. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, புதன் 28க்கு மேல் விலகாது. சூரியன் ஒரு வருடத்தில் பன்னிரண்டு ராசியைச் சுற்றினால், இவர்களும் முன்னும் பின்னுமாக அவருடனேயே சுற்றி வருகிறார்கள். எத்தனை வருடம் சராசரி எடுத்தாலும் ஒரு வருடம்தான் வரும். சுக்கிரன் கோயில் இருக்கும் கஞ்சனூரையும் புதன் கோயில் இருக்கும் திருவெண்காட்டையும் என் கணக்கில் சேர்க்கக் கூடாது. செவ்வாயும் லேசில் மசியாது: சாதாரணமாக ஒன்றரை மாதத்தில் ராசி தாண்டும், வக்கிரம் ஆனால், அதாவது பின்னோக்கிப் போவது போலத் தெரிந்தால், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காரும். நீண்ட சராசரியில்தான் 687 நாள் கிடைக்கும்.

அடுத்த நாள் அந்தப் பெண்ணின் கேள்வியையே வகுப்புக்குத் திருப்பிவிட்டேன்: *நடு ராத்திரியில் உச்சி வானத்தில் குருவைப் பார்க்கலாம், சுக்கிரனைப் பார்க்க முடியாது. ஏன்?* இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட நல்ல கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். விதி எதுவும் உதவாது. படம் போட்டாக வேண்டும், படத்தில் பூமியை வைத்து அதன் மேல் தான் நின்று பார்க்க வேண்டும். எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று தாளைப் பார்த்ததும் தெரிந்தது.

கும்பகோணத்தாரிடம், இப்போது பூமியைச் சூரியன் சுற்றுகிறது என்பவன் மாட்டுவான் அல்லவா என்றேன். "மாட்டமாட்டான். கோள்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும் என்று டைகோவே சொன்னார். உங்கள் கேள்விக்கு அவரும் பாஸ்" என்கிறார். இந்த மனிதரிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாகவும் பொறாமையாகவும் இருக்கிறது.

10 நவம்பர்

ராகு கேதுவை விட்டுவிட்டீர்களே என்பவர்களுக்கு: ஒன்றரை வருடத்துக்கு ஒரு பெயர்ச்சி, பன்னிரண்டு ராசிக்குப் பதினெட்டு வருடம் சொச்சம். நிலாவின் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் 18.6 வருடத்தில் பின்னோக்கிச் சுற்றி வருகின்றன. பொருள் அல்ல, புள்ளி. "எட்டுக் கோள்களின் பெயர் எழுதுக" என்பதற்கு ராகுவை எழுதியவனுக்கு மதிப்பெண் கிடையாது. கோயிலில் சூரியனை நடுவில் வைத்திருக்கிறார்களே என்று வாதாடினான். அது உண்மைதான், ஆனாலும் கிடையாது.

31 டிசம்பர்

புதுக் காலண்டர் வந்துவிட்டது. எண்ணினேன். டிசம்பர் 16 மார்கழி 1. 2026இல் பொங்கல் ஜனவரி 15. மார்கழிக்கு 30 நாள்! கார்த்திகைக்குத்தான் 29.

காலாண்டுக் கேள்வியில் "மார்கழிக்கு 29 நாள்" என்று என்றைக்குமான உண்மை மாதிரி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். 29 நாள் 8 மணி என்றால் எட்டு மணி எட்டு மணியாகச் சேர்ந்து எங்காவது ஒரு நாளாக விழத்தானே செய்யும். ஆனியும் சில வருடம் 31 நாளோடு நின்றுவிடும். பள்ளி திறந்ததும் வகுப்பில் சொல்ல வேண்டும். யாராவது முந்திக்கொண்டு கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

16 ஜனவரி 2026, மாட்டுப் பொங்கல்

வலங்கைமான்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். பெண் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு, பாட்டி வீட்டுப் பரணில் ஏறியிருக்கிறாள். பாட்டி கிழித்த தாளையும் பால் கணக்கு எழுத எடுத்து வைக்கிறவர். கிடைத்தது ஆறு மார்கழி: 2020இல் 29, 2021இல் 29, 2022இல் 30, 2023இல் 29, 2024இல் 29, இப்போது 30. கூட்டினால் 176. ஆறால் வகுத்தால் 29.33.

29 நாள் 8 மணி. எந்தப் பஞ்சாங்கத்தையும் புரட்டாமல்.

ஆனிக்கும் இதையே செய்யப் போகிறாளாம். 2021, 2022 தாள்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டதாம். யார் வீட்டிலாவது அந்த இரண்டு வருடக் காலண்டர் ஆனி, ஆடித் தாளோடு இருந்தால் எண்ணிச் சொல்லுங்கள். அவளுக்கு அனுப்ப வேண்டும்.